நனைந்த விரல்

ஒழுகுகிற வண்டியைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டியதில்லை சார். ஒழுகுகிறது என்றால் உள்ளே எண்ணெய் இருக்கிறது என்று அர்த்தம். தரையில் கறை விழுவதால்தான் வண்டிக்காரர்கள் என் பட்டறையைத் தேடி வருகிறார்கள். என் மாப்பிள்ளையும் அப்படித்தான் வந்தார்.

விபத்தான வண்டியைப் பார்த்த உங்கள் அதிகாரி சொன்னதைக் கேள்விப்பட்டேன். பின்பக்க மூடி வழியாக எண்ணெய் கசிந்து தீர்ந்தது, பல்சக்கரங்கள் இறுகின, பின் சக்கரங்கள் பூட்டிக்கொண்டன, வண்டி உருண்டது என்கிறார். கடைசி மூன்றும் சரி. முதலாவது தப்பு. நான் போட்ட மூடி கசியாது. மாப்பிள்ளையோ ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட காலோடு படுத்துக்கொண்டு, ‘அவசரப்படுத்தினது நான்தான், மாமா வேலைல தப்பே இருக்காது’ என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அழுகிறார். அதையும் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. அதனால்தான் நீங்கள் கூப்பிடாமலே ஸ்டேஷனுக்கு வந்தேன்.

என் பெண்ணைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அவளுடைய அம்மா போனபோது அவளுக்குப் பால்பல்கூட விழவில்லை. பட்டறையிலேயேதான் வளர்ந்தாள். வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு கையை மட்டும் வெளியே நீட்டுவேன். கேட்காமலே சரியான ஸ்பானர் உள்ளங்கைக்கு வந்துவிடும். வாடிக்கைக்காரர்கள் அவளைச் சின்ன முதலாளி என்பார்கள். ‘முதலாளியம்மாவ கேக்காம ஒரு போல்ட்டக்கூட தொட்டுடாதய்யா’ என்று என்னை வம்புக்கு இழுப்பார்கள். எனக்கு உள்ளுக்குள் பெருமை பிடிபடாது.

மாப்பிள்ளை தங்கமான மனுஷன். குறை சொல்ல ஊசிமுனை இடம் இல்லை. ஒரு குறை இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். கல்யாணத்துக்குப் பிறகு அடுத்த தெருவில்தான் குடியிருந்தார்கள். தினமும் சாயங்காலம் அவள் பட்டறைக்கு வந்து என்னைத் திட்டிவிட்டுப் போவாள், வெறும் வயிற்றில் டீ குடிப்பதற்காக. பிறகு அவருக்கு வேறு ஊரில் பெரிய வேலை கிடைத்தது. ஒரு பகல் முழுக்க ஓட்டினால்தான் போய்ச் சேர முடியும்.

‘நீங்களும் வந்துடுங்கப்பா’ என்றாள்.

‘பட்டறைய யாரு பாத்துப்பா? உன் புருஷனா? அவருக்கு டயர் எது, ஸ்டீரிங் எதுன்னே தெரியாது.’

‘அங்க வந்து ஒண்ணு போடுங்க. நான் கல்லாவுல உக்காந்துக்கறேன்.’

‘சரி சரி, பாக்கலாம்’ என்றேன். போகாதே என்று சொல்லத்தான் நினைத்தேன். வாய் வரவில்லை. பெற்றவன் பிள்ளையிடம் கெஞ்சக்கூடாது என்று எனக்குள் ஒரு கிறுக்கு. மாதக்கணக்காக அதை விழுங்கிக்கொண்டிருந்தேன். அவள்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை சார், அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

புறப்படுவதற்கு முந்தின நாள் மாப்பிள்ளை வண்டியைக் கொண்டுவந்தார். பின் சக்கரங்களுக்கு நடுவே பூசணிக்காய் மாதிரி ஓர் இரும்புக் கூடு இருக்கும். டிஃபரென்ஷியல் என்போம். எஞ்சினிலிருந்து வரும் சுழற்சியை இரண்டு சக்கரத்துக்கும் அதுதான் பிரித்துக் கொடுக்கும். உள்ளே பல்சக்கரங்கள் எண்ணெயில் முங்கிக் கிடக்கும். அதன் மூடியில்தான் கசிவு.

கீழ்ப் போல்ட்டுகளை முதலில் தளர்த்தி எண்ணெயை வடியவிட்டேன். மூடியைக் கழற்றி, மூடிக்கும் கூட்டுக்கும் நடுவே ஒட்டியிருந்த பழைய பேக்கிங் தாளைச் சுரண்டி, பொட்டுத் தூசி இல்லாமல் துடைத்தேன். புது பேக்கிங் வைத்து, போல்ட்டுகளை எதிரெதிராக முறுக்கினேன். என் வாழ்க்கையில் அத்தனை பதமாக ஒரு மூடி போட்டதில்லை. அடுத்து, மேல் துளை வழியாகப் புது எண்ணெய் ஊற்ற வேண்டும்.

ஊற்றவில்லை.

யோசித்துத்தான் செய்தேன். பல்லில் ஒட்டியிருக்கும் ஈரத்தில் வண்டி கொஞ்ச தூரம் ஓடும். ஊருக்குள் நெரிசலில் மெதுவாகத்தான் போவார்கள். ஊர் எல்லையில் ஊளையிட்டு நின்றுவிடும். நான் போய்க் கயிறு கட்டி இழுத்து வருவேன். சாமான் வர நாளாகும் என்பேன். அதற்குள் மாப்பிள்ளையின் அந்தப் புது வேலை வேறு யாருக்காவது போய்விடும். இதில் யாருக்கு என்ன கெடுதல் என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். ஒருவருக்கும் இல்லை என்று பட்டது.

அப்போது என் பெண் வந்து வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தாள். ‘ஆயில் ஊத்தியாச்சாப்பா?’

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. எண்ணெய் நிறைந்ததா என்று பார்க்க, மேல் துளைக்குள் சுண்டுவிரலை விடுவோம். நுனி நனைந்தால் நிறைந்திருக்கிறது. அந்த விரலை வண்டிக்காரரிடம் காட்டிவிட்டுத்தான் துளையை மூடுவோம். விரலில் பொய் சொல்லக்கூடாது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். பக்கத்தில் இருந்த எண்ணெய் டின்னில் விரலை முக்கி, வெளியே நீட்டினேன்.

‘நீங்க தொட்டா தொட்டதுதான்பா’ என்றாள்.

ராத்திரி மாப்பிள்ளை வண்டிக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து வைத்திருக்கிறார். காலையில் அதைத் தூக்கிக்கொண்டு குழந்தை மாதிரி ஓடிவந்தார். ‘பாருங்க மாமா, ஒரு சொட்டு இல்ல.’ எப்படி இருக்கும்? நானும் சிரித்துவைத்தேன். அவள் என் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துவிட்டு, ‘சாப்பிடாம இருந்தீங்க, கொன்னுடுவேன்’ என்று மிரட்டிவிட்டு ஏறினாள்.

அவர்கள் போனதும் கயிற்றையும் கொக்கியையும் எடுத்து வைத்தேன். அவளுடைய பழைய அறையைக் கூட்டினேன். படுக்கைக்குப் புது விரிப்புப் போட்டேன். ஊர் எல்லையைத் தாண்டியிருக்கும் நேரமும் ஆயிற்று, போன் வரவில்லை. அந்தப் பல்சக்கரங்கள் நல்ல உருப்படி சார், நான் நினைத்ததைவிட அதிகம் தாங்கின.

அன்றைக்கு நீங்கள் விசாரிக்க வந்தபோது, வண்டியை ஓட்டியது யார் என்று எனக்குத் தெரியாது என்றேன். அது பொய். ஊர் எல்லை தாண்டிய பிறகு அவள் போன் செய்தாள்.

‘அப்பா, பின்னாடி ஏதோ ஊளையிடற மாதிரி சத்தம் வருது.’

‘எங்க இருக்கீங்க?’

‘பெரிய ரோட்டுக்கு வந்துட்டோம். நான்தான் ஓட்டறேன், அவர் போனைப் பிடிச்சிட்டிருக்கார். நிறுத்தட்டுமாப்பா?’

பெரிய ரோட்டில் என்ன வேகத்தில் போவாள் என்று எனக்குத் தெரியும், ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நான். இறுகினால் என்ன ஆகும் என்பதும் தெரியும். ஆனால் அங்கே நிறுத்தினால் வேறொரு மெக்கானிக் வருவான். துளையைத் திறந்து பார்ப்பான், எண்ணெயை ஊற்றுவான், அவர்கள் பாட்டுக்குப் போய்விடுவார்கள். என் குட்டும் வெளிப்பட்டுவிடும். முழுசாக உடைந்தால்தான் என்னிடம் திரும்பி வரும். இன்னும் கொஞ்ச தூரம்தானே என்று நினைத்தேன்.

‘ஒண்ணுமில்லடா கண்ணு. புது பேக்கிங், கொஞ்ச தூரத்துக்கு அப்படித்தான் கத்தும்’ என்றேன்.

பேக்கிங் சத்தம் போடாது. அது வெறும் தாள் மாதிரி. பட்டறையில் வளர்ந்த பெண்ணுக்கு அது தெரியாதா? தெரியும். இருந்தும், ‘சரிப்பா, நீங்க சொன்னா சரி’ என்றாள். அந்தக் குரல் என்னைத் தூங்கவிட மாட்டேன் என்கிறது. தண்ணீர் வேண்டாம் சார், சொல்லி முடித்துவிடுகிறேன்.

அவளைச் சாகடிக்க நான் நினைக்கவில்லை. என்னோடு இருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். எந்த அப்பன்தான் நினைக்க மாட்டான்? மாப்பிள்ளைமேல் தப்பில்லை, மூடிமேலும் தப்பில்லை, அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். இதையும் எழுதுங்கள். போகாதே என்று சொல்ல வாய் வராமல் மாதக்கணக்காகத் தவித்தவன் நான். என் பெண் அவளாகவே, நிறுத்தட்டுமாப்பா என்று கேட்டாள். நான், போ என்றேன்.