பதினொரு பெண்களும் பூட்டில்லாத பாடங்களும்

"தலைமையாசிரியை அவர்களே" என்று தொடங்க நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, என் சட்டைப்பைக்குள்ளிருந்து என் குரலே அப்படி முழங்கிவிட்டதை அவை மன்னிக்க வேண்டும். மனப்பாடம் செய்வதற்காகக் கைபேசியில் பதிந்து வைத்த உரை அது. எங்கே வைத்தாலும் ஒலிக்கும் ஃபைல், வைத்தவன்தான் மடையன். அப்படிப்பட்ட ஃபைலைப் பற்றித்தான் இன்று பேசவும் வந்திருக்கிறேன்.

முறையாக மீண்டும் தொடங்குகிறேன். விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் தலைமையாசிரியை அவர்களே! முன்வரிசையை அணிசெய்யும் மூத்தோர்களே! காலர் வைக்கும் கரங்களே, காஜா எடுக்கும் கண்களே, பத்தாம் வகுப்பை வென்று பளபளக்கும் பதினொரு தாய்மார்களே! தையல் இயந்திரங்களுக்கு எண்ணெய் விடும் இந்த மெக்கானிக்கின் வணக்கம்.

நம் தையல் ஆலையில் எட்டு மணி நேரம் ஊசிமுனையில் நிற்கும் கண்ணால் புத்தகம் படிக்க முடியுமா? துணி தள்ளும் கையால் பக்கம் புரட்ட முடியுமா? மிச்சம் இருந்தது காது ஒன்றுதான். அந்தக் காதை நம்பி என் மனைவியும் மற்றப் பத்துப் பேரும் ஒரு நிறுவனத்திடம் ஒலிப்பாடக் கருவி வாங்கினார்கள். நாற்பத்தொரு பாடங்கள். அந்தக் கருவியில் மட்டுமே ஒலிக்கும். அதுவும் மாதாமாதம் நிறுவனம் அனுமதித்தால்தான் ஒலிக்கும். தேர்வுக்கு நாற்பது நாள் இருக்கையில் நிறுவனத்தையே மூடிவிட்டார்கள். பாடம் உள்ளேதான் இருக்கிறது அய்யா, வாய்தான் திறக்கவில்லை! பூட்டு நம் வீட்டில், சாவி அவன் வீட்டில்!

காலர் அக்கா, இதோ மூன்றாவதாக அமர்ந்திருக்கிறாரே, அவர் கருவியைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, இந்த வருஷமும் போச்சு என்றார். என் மனைவியோ அன்று ஒரு சட்டையின் வலக்கையை இடப்பக்கம் வைத்துத் தைத்தாள். பதினாறு வருடத்தில் அவள் செய்யாத தவறு.

பொறுக்குமா எனக்கு? பாடப்புத்தகமும் கையுமாகத் துணிக்கிடங்குக்குள் போனேன். கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்தால் வெளிச்சத்தம் வராது. அவர்கள் இன்னும் கேட்டு முடிக்காத பதினான்கு பாடங்களை, சாப்பாட்டு இடைவேளைகளில் வாசித்துப் பதிந்து, வெற்றிவீரனாக வெளியே வந்தேன். ஒருவர் கைபேசியிலும் ஒலிக்கவில்லை! என் கைபேசியோடு வந்த செயலி, தனக்கு மட்டுமே புரியும் வடிவத்தில் பதிந்து வைத்திருக்கிறது. மாற்றித் தரவும் அதில் வழியில்லை. என் மகள் வாங்கிப் பார்த்தாள்.

"ஏம்ப்பா, அந்தக் கம்பெனிக்காரன ஒரு வாரமா திட்டினீங்களே. நீங்களும் அதையேதான செஞ்சு வெச்சிருக்கீங்க?"

யாரது, பின்வரிசையில் சிரிப்பது? மேற்பார்வையாளரா? சிரியுங்கள் சார், கிடங்கைத் திறந்துவிட்டவர் நீங்கள், உங்களுக்கு உரிமை உண்டு.

மகள் வேறொரு செயலி போட்டுத் தந்தாள். ஒலியை எப்படி எழுதுவது, எப்படித் திறப்பது என்ற விதிகளை ஊரறிய வெளியிட்டுவிட்ட வடிவத்தில் பதியும் செயலி அது. எந்தக் கருவியிலும் ஒலிக்கும். எவனிடமும் அனுமதி கேட்க வேண்டாம். பதினான்கையும் முதலிலிருந்து வாசித்தேன். கேட்டுவிட்டு என் மனைவி தீர்ப்புச் சொன்னாள்.

"ஒளிச்சேர்க்கைய ஏங்க சண்டைக்குப் போற மாதிரி படிக்கறீங்க? அந்த இலை பயந்துடும்."

அந்தப் பாடத்தை மட்டும் மூன்றாம் முறையும் வாசித்தேன், இலைக்கு வலிக்காமல்.

ஒலித்தது, அவையோரே, ஒலித்தது! திரை உடைந்த கைபேசியில் ஒலித்தது! பென்டிரைவ் செருகும் சமையலறை வானொலிப் பெட்டியில் ஒலித்தது! காலர் அக்காவின் கணவர் ஓட்டும் வேனில் ஒலித்தது. ஏறியவர்கள் எல்லாம் மின்னோட்டம் படித்துக்கொண்டே இறங்கினார்கள்! அந்த நிறுவனத்தின் குரல் தேன், ஒப்புக்கொள்கிறேன். என் குரல் தகரம். ஆனால் ஊமையாகிப்போன தேனை வைத்துக்கொண்டு தேர்வு எழுத முடியுமா? ஒரு கருவி பழுதானால் இன்னொரு கருவி! ஒரு கடை மூடினால் இன்னொரு கடை! பாடம் மட்டும் நிற்காது, நிற்காது, நிற்கவே நிற்காது!

எழுதியவர்கள் பதினொரு பேர். தேறியவர்கள் எத்தனை பேர்? காது கேட்கவில்லை, இன்னும் சத்தமாக! பதினொரு பேர்! அறிவியலில் என் மனைவி எழுபத்திரண்டு!

தகரத்தையும் தாங்கிக்கொண்ட செவிகளுக்கு நன்றி. தேறிய பதினொருவருக்கும் தலைதாழ்ந்த வணக்கம்.

இவ்வளவு பேசியவன் ஒன்றை மட்டும் சொல்லாமலே மேடையிலிருந்து இறங்கினேன். என் மனைவி இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருப்பதுபோல் நான் பத்தாவது தேறியவன் அல்ல. அறிவியலில் பதினெட்டு வாங்கியதோடு நின்றவன். அடுத்த தேர்வுக்கு என் பெயரைக் கொடுத்திருக்கிறேன்.