பாதரசக் கடல்

— அந்தப் பையனை சாகடிக்காதீங்க, சந்திரமௌலி சார். அதைச் சொல்லத்தான் ஸ்கூலுக்கு லீவு போட்டுட்டு ஓடியாந்தேன்.

— உக்காரும், அல்போன்ஸ். எந்தப் பையனை?

— தெரியாத மாரி கேக்காதீங்க. உங்க தொடர்கதைல சந்திரன்ல கண்ணாடி நகரம் கட்டி, செத்த புள்ளையை அவன் அப்பன் அங்க உசுரோட வச்சிகினு கீறானே, அந்தப் பையன்.

— சாகடிக்கப் போறேன்னு யார் சொன்னா?

— நீங்கதான். போன வாரம் சயின்ஸ் சந்தேகம்னு கேட்டீங்க. கொழந்தை தண்ணில முழுகினா மொதல்ல மூச்சு நிக்குமா, நெஞ்சு நிக்குமான்னு. கிளாஸ்ல சொல்ற மாரி நானும் சொல்லிட்டேன். கச்சேரி ரோடு திரும்பறப்பதான் மண்டைல உறைச்சிது. அங்கயே சைக்கிளைப் போட்டுட்டு உக்காந்துட்டேன் சார்.

— நன்னா விளக்கினீர். அப்படியே எழுதிட்டேன்.

— ஆனா உங்க சந்திரன்ல கீறது பாதரசக் கடல். நான்தான சொல்லிக் குடுத்தேன்? பாதரசத்துல மனுசன் முழுகமாட்டான், கட்டை மாரி மெதப்பான். கதை தப்பாயிடும்.

— தெரியும் ஓய். அதான் இந்த வாரத்துலேர்ந்து தண்ணியா மாத்திட்டேன்.

— இன்னா சார் இது!

— முறைக்காதேயும். இருபத்தஞ்சு வருஷமா பறக்கற ரதமும் பேசற கல்லும் எழுதறேன். கத்துண்டது ஒண்ணே ஒண்ணுதான். சந்திரன்ல காவேரி ஓடறதுன்னா வாசகன் நம்பிடுவான். போன உசுரு சும்மா திரும்பி வந்துடுத்துன்னா நம்பமாட்டான். அவன் வீட்டுலயும் யாராவது போயிருப்பா. அவா வரலையே! அந்த வயித்தெரிச்சலோட உக்காந்துண்டுதான் நம்மைப் படிக்கறான்.

— அது கதைப் பையன் இல்ல சார். என் புள்ளை வால்டர். முன்பல்லு உழுந்த வாயால விசில் அடிக்கறது, படுத்தா ஒரு காலை செவுத்து மேல வச்சிக்கறது, எல்லாம் நான் அழுதுகினே உங்ககிட்ட சொன்னது. நீங்க எழுதிட்டீங்க. ஏன்னு ஒரு வார்த்தை கேட்டேனா?

— கேக்கலை. சந்தோஷப்பட்டீர்.

— பட்டேன். வெள்ளிக்கிழமை பத்திரிகை வந்தா அவன் உசுரோட கீறான். போன மாசம் ஏழாம் வாய்ப்பாட்டைத் தப்பில்லாம சொன்னான். நெசத்துல அவனுக்கு அது வரவே இல்ல சார்.

— நான் எழுதினதுலயே சோப்ளாங்கியான அத்தியாயம் அதுதான். உமக்காக எழுதினேன். ஒருத்தன் மேல பரிதாபப்பட்டு எழுதினா எழுத்து கெட்டுப்போறது.

— ஐரினுக்காகவாவது விட்டுடுங்க. அவ வாயே தொறக்கறதில்ல. ரெண்டு வருசமா எங்க ஊட்ல அடுப்பு சத்தம் மட்டும்தான். இந்தக் கதைதான் அவளுக்கு மூச்சு.

— அப்படின்னு அவ சொன்னாளா?

— சொல்லணுமா? பொண்டாட்டி மனசு எனக்குத் தெரியாதா?

— சரி. அத்தியாயம் அச்சேறியாச்சு. இந்த யுத்தக் காகிதப் பஞ்சத்துல பத்திரிகைக்காரன் திரும்ப அடிக்கமாட்டான். முடிவை மட்டும் வாசிக்கறேன், கேளும். "கரையில் தந்தை படித்துக்கொண்டிருந்தார். அலைகளுக்கு நடுவிலிருந்து 'அப்பா' என்றொரு குரல் வந்தது. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. 'இரு' என்பதுபோல் இடக்கையை மட்டும் உயர்த்திக் காட்டினார். பிறகு பக்கத்தைப் புரட்டினார்."

— நிறுத்துங்க.

— ஏன், நடை சரியில்லையா?

— அந்தக் கை... வால்டர் முழுகறப்ப நான் தூங்கிட்டேன்னுதான் ஊருக்கே சொன்னேன். சர்ச்ல பாவசங்கீர்த்தனம் பண்றப்ப சாமியார்கிட்டயும் அதேதான் சொன்னேன். ஜப்பான்காரன் குண்டு போடுவான்னு பட்டணமே காலியா கெடந்த சமயம். சாந்தோம் கரைல ஒரு ஈ காக்கா இல்ல. உங்களுக்கு எப்டித் தெரியும்?

— அன்னிக்கு என்ன படிச்சுண்டிருந்தீர்?

— உங்க கதைதான். தப்பு பாக்கச் சொல்லி நீங்க குடுத்து உட்ட கதை.

— இத்தனை வருஷத்துல எனக்கு யாரும் அதைவிட உசத்தியா ஒரு விமரிசனம் பண்ணினதில்லை, ஓய்.

— உங்களுக்கு ஈரமே கிடையாதா? யாரு சொன்னாங்க, அதைச் சொல்லுங்க.

— உம்ம ஐரின்தான். நான் உம்மகிட்ட அந்த சந்தேகத்தைக் கேட்டதுக்கு மொத நாள் இங்க வந்தா. அன்னிக்கு உங்க ரெண்டு பேருக்கும் சாப்பாடு எடுத்துண்டு கரைக்கு வந்திருக்கா. கட்டுமரத்துக்குப் பின்னால வரச்சே பையன் கூப்பிட்டது காதுல விழுந்தது. உம்ம கை மேல போனதையும் பாத்தா. 'அவரு பாத்துக்கறாரு'ன்னு நம்பி, மறந்துட்டு வந்த கூஜாவை எடுத்துண்டு வர வீட்டுக்குத் திரும்பிட்டா.

— மாதாவே! ரெண்டு வருசமா ஒரே ஊட்ல கீறோம். என்கிட்ட ஒரு வார்த்தை ஏன் சொல்லல?

— நானும் அதைத்தான் கேட்டேன். 'வாயால சொன்னா அவரு அழுவாரு, நான் மன்னிச்சிடுவேன். அச்சுல வரட்டும்'னா.