ஞாயிற்றுக்கிழமைச் சங்கம்

செல்வமணி: வண்டிய நிறுத்துங்க.

அழகியநம்பி: நெடுமங்காட்டுல நிறுத்தினேன். விதுரயில வாந்தி வருதுன்ன, ஓரங்கட்டினேன். வாந்தியும் வரல்ல. இப்ப என்ன?

செல்வமணி: கல்லாறு வந்தாச்சுல்லா.

அழகியநம்பி: பொன்முடிக்குன்னுதானே கிளம்பினோம்! மேல போயி கொஞ்சம் காத்து வாங்கிட்டு...

செல்வமணி: காத்து எங்கயும் போகாது. நிறுத்துங்க.

அழகியநம்பி: நாலு வருசமா இந்தப் பக்கம் திரும்பிப் பாத்தோமா? நம்ம மகன் சுதீஷ் முங்கிப்போன இடத்துல நின்னு அழணுமா? என்னால ஆகாது, சொல்லிட்டேன்.

செல்வமணி: நான் அழ வரல்ல.

அழகியநம்பி: பின்ன அந்தப் பையில என்ன? வீட்டுல இருந்து மடிய விட்டு எறக்கல்ல.

செல்வமணி: துண்டு.

அழகியநம்பி: மலை பாக்க வாறவளுக்குத் துண்டு என்னத்துக்கு? உனக்கு என்னமோ ஆயிட்டு, செல்வம். காலையில கோயிலுக்குன்னு போயி நனைஞ்ச தலையோட வாற. கேட்டா மழைங்க. வெயில் மண்டையப் பொளக்குது, இவளுக்கு மட்டும் மழை!

செல்வமணி: முன்னால பாருங்க! அந்தச் சாயாக்கடைச் சேச்சி நம்மளப் பாத்துக் கையக் காட்டுது. நிறுத்துங்க, எறங்குவோம்.

சாயாக்கடை ஷீஜா: சேட்டா! இன்னிக்கு ஞாயிறு இல்லல்லோ? சர்க்கரை இல்லாத்த சாயா எடுக்கட்டே?

செல்வமணி: ...உங்களுக்குச் சர்க்கரை ஆகாதுன்னு இதுக்கு எப்படித் தெரியும்?

அழகியநம்பி: ஆள் மாறிப் பேசுது.

ஷீஜா: மாறவோ? எல்லா ஞாயிறும் அந்தப் பாறையில நின்னு பிள்ளேரை விரட்டும் சேட்டன். ஆத்துல இறங்காதேன்னு கூவிக் கூவித் தொண்டை அடைஞ்சு போகும், பாவம்.

செல்வமணி: ஓ... சாலைக் கடைத்தெருவுல வியாபாரிச் சங்கம் மீட்டிங்னு போவியளே. தொண்டை கட்டி வந்தா, சங்கத்துல சண்டைம்பிய!

அழகியநம்பி: பின்ன சண்டை இல்லியா? எவன் கேக்கான்? ஆபத்துன்னு போர்டு வச்சிருக்கு, அது மேலயே சட்டையக் கழத்திப் போடுதானுவ! போன வாரம் ஒருத்தன், போட்டோவுல நான் விழுதேனாம்... தள்ளி நிக்கச் சொல்லுதான்!

செல்வமணி: எங்கிட்ட ஒரு வார்த்தை...

அழகியநம்பி: சொன்னா நீயும் வருவ. அதே பாறையில வந்து நிப்ப. அன்னைக்கு நீ போட்ட சத்தம் இன்னும் எனக்குக் காதுல கெடக்கு. நான் அந்த நேரம் பாத்து சாயா குடிச்சிட்டு நின்னேன்.

செல்வமணி: சத்தம்தானே போட முடிஞ்சுது எனக்கு. வேற என்ன தெரியும் அப்ப?

அழகியநம்பி: சரி, பாத்தாச்சுல்லா. வண்டியில ஏறு... ஏ, செருப்ப என்னத்துக்குக் கழத்துத? எங்க எறங்குத? செல்வம்! ஆழம், கேட்டியா!

செல்வமணி: இன்னைக்கு முட்டளவுதான். தண்ணியப் பாத்துட்டு ஏறிருவேன். இந்தத் துண்டப் பிடிங்க.

அழகியநம்பி: உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?

செல்வமணி: காலையில நான் கோயிலுக்குப் போகல்லங்க. ஆறு மாசமாட்டு, சின்னப் பிள்ளையளோட சேந்து நீச்சல் பழகுதேன். ஞாயித்துக்கிழமை நானும் வாறேன். நீங்க பாறையில நின்னு சத்தம் போடுங்க... கேக்காம எறங்குதவனுக்கு நான் இருக்கேன்.