பெரிய கட்டம், சின்னக் கட்டம்

இல்ல தம்பி, ஃபார்மேட் மட்டும் வேணாம். முந்தின கடைக்காரர்கிட்டயும் இதுக்குத்தான் மல்லுக்கட்டிட்டு வந்தேன். லினக்ஸ்தான், தெரியும். என் மச்சினன் போட்டுக் கொடுத்தது. பழைய பொட்டி, வேற எதைப் போட்டாலும் இதுக்கு மூச்சு வாங்குது. அது பாட்டுக்கு இருக்கட்டும். எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். சாயங்காலம் என் பொண்ணுகிட்டேருந்து, அவ விடுதி கம்ப்யூட்டர்ல, வீடியோ கால் வரும். அதுல அவ பெரிசாத் தெரியணும்.

குரலா? குரலுக்கு என்ன, கணீர்னு வருது.

முன்னாடி அவ வேற ஊர்ல படிச்சப்போ வீடியோ காலுக்கு ஓப்பன் சோர்ஸ் ஆப்னு ஒண்ணு வெச்சிருந்தோம். யாரோ நாலு புண்ணியவான் எழுதி சும்மா விட்டதாம், உள்ள என்ன இருக்குன்னு யார் வேணா பாத்துக்கலாமாம். நான் தச்சு வேலை பாக்கிறவன், எனக்கெதுக்கு அது. ஆனா அதுல யார் வந்தாலும் ஒரே அளவு கட்டம். அவ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். சோறு ஆறிப்போறது கூடத் தெரியாம உக்காந்திருப்போம்.

இப்ப சேர்ந்திருக்கிற பயிற்சி விடுதியில அது ஆகாதாம். கம்பெனி ஆப்தானாம். அதுலயும் வார்டன் அவங்க ரூம்லேருந்து கூடச் சேர்ந்துக்குவாங்க, அது அங்க விதி. அந்த ஆப்போட கூத்தைக் கேளுங்க. யார்கிட்டேருந்து சத்தம் வருதோ அவங்களுக்குப் பெரிய கட்டம். மத்தவங்க மூலையில, தபால்தலை அளவுக்கு.

பின் பண்றதா? ஒருத்தர் கட்டத்தையே பெரிசா நிறுத்தி வெக்கிற அந்த வசதி மத்த சிஸ்டத்துக்குத்தானாம். கம்பெனிக்கு எழுதிக் கேட்டாச்சு. உங்க சிஸ்டத்துக்கு நாங்க பொறுப்பில்லன்னு ஒரு வரி வந்துச்சு. ஓப்பன் சோர்ஸ்காரங்களுக்கும் மச்சினன் எழுதினான். முன்ன பின்ன தெரியாத மனுஷன், பாவம், அன்னிக்கே பதில் போட்டாரு. போட்டு என்ன, விடுதிக்காரங்க மனசை அவரா மாத்த முடியும்?

போன்லயா? கண்ணுல புரை விழுந்திருக்கு தம்பி. தள்ளி நிறுத்தி வெச்சா ஒண்ணும் தெரியல. கையில பிடிச்சா ஒரு கை போச்சு. எனக்கு ரெண்டு கையும் வேணும். சிரிக்காதீங்க, நிஜமாத்தான் சொல்றேன்.

மெசேஜா? அவ நம்பர்லேருந்து வருதே, நல்லா இருக்கேன்ப்பான்னு. அவ போனைத்தான் வார்டன் வாங்கி வெச்சிருக்காங்களே, அப்ப அதை அடிக்கிறது யாரு? நேர்லயும் போனேன். பயிற்சி முடியாம பாக்க விடமாட்டோம்னு வாசல்லயே அனுப்பிட்டாங்க. கோபம் வந்து என்ன பண்ண, கேட்டைப் பாத்துட்டு வந்தேன்.

மறுபடியும் குரலையே கேக்கறீங்க. அது வார்டன் குரல் தம்பி. உங்க பொண்ணு சந்தோஷமா இருக்கா, நல்லா சாப்பிடறான்னு அவங்கதான் பேசுவாங்க. என் பொண்ணுக்குப் பிறவியிலேயே காது கேக்காது, பேச்சும் கிடையாது. எங்களுக்குப் பேச்சு கைதான். இந்த விரல் இழைப்பு மெஷின்ல போச்சில்ல, அதனால நான் திக்குவாயாம், கிண்டல் பண்ணுவா கழுதை. அவ நாள் பூரா பேசினாலும் அந்த ஆப்புக்கு அவ இருக்கறதே தெரியாது. மூலையில ரெண்டு கை அசையும், என் கண்ணுக்கு அவ்வளவுதான்.

போன வாரம் என்ன பண்ணா தெரியுமா, மேஜையை ஓங்கித் தட்டினா. அந்தச் சத்தத்துக்குப் பெரிய கட்டத்துல வந்துட்டா. கண்ணெல்லாம் வீங்கியிருந்துச்சு. அப்பா, என்னை...ன்னு கையைத் தூக்கினா.

வார்டன் இருமிட்டாங்க.