பிள்ளையைக் கேட்காமல் மாற்றிய தேதி

மேடையில் வீற்றிருக்கும் இயக்குநர் அம்மா அவர்களே, இல்லக் காப்பாளர்களே, முன்வரிசையில் பள்ளிச் சீருடையோடு வந்து அமர்ந்திருக்கும் பிள்ளைகளே, நம் மூத்த சமூகப் பணியாளரைப் பறிகொடுத்து நிற்கும் அவர் கணவர் அவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

எப்படிப் பேசுவேன்? செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு என் அறையில் நின்று என்னோடு மல்லுக்கட்டியவர், ஐந்தரை மணிக்கு மாரடைப்பில் போய்விட்டார் என்றால் எப்படி நம்புவேன்! இங்கே வரும் வழியில்கூட அவர் அறையை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

வீட்டில் வாழ முடியாத பிள்ளைகளை நம் இல்லங்களில் வைத்துக் காக்கிறோம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூடி, யார் எங்கே இருப்பது, எந்தப் பள்ளி, அம்மாவை எப்போது பார்ப்பது என்று முடிவெடுக்கிறோம். அந்த மறுஆய்வுக் கூட்டத்துக்குப் பதினெட்டு வருடமாகத் தலைமை வகிப்பவன் நான். யாருடைய வாழ்க்கையோ, அந்தப் பிள்ளை மட்டும் வெளியே பெஞ்சில்! அதை மாற்றியவர் யார்? "புள்ளைய கேட்டீங்களா சார்?" என்று எங்களைத் துளைத்தெடுத்தே 'கேட்டீங்களாம்மா' என்று பெயர் வாங்கிய இவர்தான்.

கூட்டத்துக்கு முந்தின வாரமே பிள்ளையை, கூட்டம் நடக்கும் அறைக்கு அழைத்து வந்து காட்டுவார். கூட்டத்தில் யார் இருக்க வேண்டாம் என்றும் பிள்ளையே சொல்லலாம். ஏழு வயதுக்காரி ஒருத்தி என்னைக் காட்டி, "இவரு வேணாம், கொட்டாவி விடுறாரு" என்றாள். சிரியுங்கள், பரவாயில்லை. அன்று அரைமணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்தவன் நான்தான்!

இப்போது ஒரு தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும். சம்பந்தப்பட்ட பிள்ளையைக் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன். வரும் வியாழக்கிழமை பதினொரு வயதுப் பெண் ஒருத்தியின் கூட்டம். அடுத்த மாதம் ஒன்றாம் தேதி அவள் தங்கையை வேறு இல்லத்துக்கு மாற்றுவதாக ஏற்பாடு. அவள் முதலிலிருந்தே கூட்டத்தில் இருக்க வேண்டும் என்றார் நம் கேட்டீங்களாம்மா. கடைசிப் பத்து நிமிடம் போதும் என்றேன் நான். செவ்வாய்க்கிழமைச் சண்டை அதுதான். "பாக்கலாம்மா" என்று தட்டிக் கழித்தேன். நான் அவரிடம் பேசிய கடைசி வார்த்தை அது.

செய்தி கேட்டதும் எனக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. கூட்டத்தை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்து உத்தரவு போட்டேன். நேற்று பள்ளி விட்டதும் அந்தப் பெண் நேரே என் அறைக்கு வந்தாள்.

"கேட்டீங்களாம்மா செத்துட்டாங்கன்னு, என்னைக் கேக்காமலே தேதிய மாத்திடுவீங்களா? அதுக்குள்ள தங்கச்சிய கொண்டு போயிடுவீங்கல்ல?"

ஒன்றாம் தேதி எனக்கு நினைவிலேயே இல்லை! அம்மா போய் இரண்டே நாளில் எங்கள் லட்சணம் இதுதானா? அதுவரை அழாதவன், அவள் முன்னால் அழுதேன்.

அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டேன். வியாழக்கிழமை பத்து மணிக்கே கூட்டம். முதல் நிமிடத்திலிருந்து அவள் இருப்பாள். அவள் பேசி முடிக்கும்வரை தங்கையை யாரும் அசைக்க மாட்டார்கள். இனி எந்தப் பிள்ளையின் கூட்டமும் அந்தப் பிள்ளை இல்லாமல் தொடங்காது!

அம்மாவுக்குப் பதிலாகப் பக்கத்தில் யார் உட்கார வேண்டும் என்று அவளையே கேட்டேன்.

"யாரும் வேணாம் சார். நானே சொல்லிக்கிறேன். நீங்கல்லாம் பெரிய பெரிய வார்த்தை போடாம, எனக்குப் புரியற மாதிரி பேசுங்க, போதும்" என்றாள்.

அப்படியே பேசுவோம் அம்மா. உங்கள் பிள்ளைகள் முன்னால் சொல்கிறேன், அப்படியே பேசுவோம்.