முருகனுக்குப் போன கரண்டு

மலை ஊரான பிரிஞ்சாங்கிலிருந்து எஸ்டேட்டுக்குத் திரும்பிய லோரியின் முன்சீட்டில், எஸ்டேட் கணக்கு எழுதும் கிராணிக்குப் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தேன். மத்தியானமே பனி மூடிவிட்டது. ஒரு பக்கம் பள்ளம். ஹெட்லைட் அணைந்து அணைந்து எரிந்தது.

“பேட்டரி புதுசு, பியூஸ் புதுசு. தைப்பூசத்துலேருந்து இப்படித்தான் ஐயா,” என்றார் டிரைவர்.

“தைப்பூசத்துக்கு என்ன செஞ்ச?” என்றார் கிராணி.

“கண்ணாடிக்கிட்ட இருக்குற இந்த முருகன் படத்துக்குக் கலர் பல்பு மாலை போட்டேன்.”

“வயர் எங்கேருந்து இழுத்த?”

“ஹெட்லைட்லேருந்துதான்.”

“கழட்டு லா!”

“சாமிய இருட்டுல வைக்கச் சொல்றீங்களா?”

“அப்ப ரோட்ட யாரு பாக்குறது?”

“அவருதான்.”

“அப்ப அவர ரோட்டப் பாத்துத் திருப்பி வை!”

டிரைவர் திருப்பி வைத்தார். கலர் பல்பு வெளிச்சம் கண்ணாடி வழியே பனியில் பரவியது. அடுத்த வளைவில், எதிரே வந்த காய்கறி லோரி ஒதுங்கி நின்றது. அதன் டிரைவர் எங்களைக் கையெடுத்துக் கும்பிட்டார்.