கழுத்தில் வைத்த கை

— எடது கால் இல்ல, பிம்பா. ஆம்பளைக்கு வலது கால்லதான் தொடங்கணும். ஆரம்பத்துலயே ரெண்டு மார்க்கு போச்சு.

— கை பழகிடுச்சு. வலது காலக் குடு. மூச்ச விடு.

— மொதல்ல நம்ம வைத்தியக் குரு ஜீவகரக் கும்பிட்டியா?

— கும்பிட்டேன். நீ கண்ண மூடிக்கிட்டுக் கெடந்த.

— நாளைக்கு பரிட்ச வைக்கறவங்க கண்ண மூட மாட்டாங்க. சீக்கிரம் செய். மழ நின்னா மசாஜ் கடைக்கு ஆள் வந்துரும். மெதுவா, வயித்துல இன்னும் சோறு இருக்கு.

— சீக்கிரமாவா, மெதுவாவா? ஒண்ணு சொல்லுய்யா.

— சர்டிபிகேட் வாங்கறதுன்னா சும்மா இல்ல, அதுக்குச் சொல்றேன்.

— தெரியும். உன்னோடத கண்ணாடி போட்டு மாட்டி, அதுக்குக் கீழ உக்காந்துதானே இத்தன வருஷமா துண்டு மடிக்கறேன். மூச்ச விடு.

— தெரியாமத்தான் கேக்கறேன். நான் உள்ள அமுக்கறேன், நீ துண்டு தொவைக்கற. குடும்பம் ஓடலியா? உனக்கு எதுக்கு இந்தப் பரிட்ச?

— எனக்குத் திரைக்கு அந்தப் பக்கம் போகணும். அவ்வளவுதான். உள்ள எவளாவது ‘அப்பாடா’ன்னு பெருமூச்சு விடுவா. நான் வெளிய துண்டோட உக்காந்து கேட்டுக்கிட்டிருப்பேன். அந்தச் சத்தத்தக் கேக்கறப்பல்லாம் வயிறு எரியும்யா எனக்கு.

— அது தொழிலு.

— தொழில்தான். நான் இல்லேங்கல.

— வெரல்ல மட்டும் அமுக்காத. ஒடம்பச் சாய்ச்சு அமுக்கு. ம்ம். பரவால்ல, கை நல்லாத்தான் படிஞ்சிருக்கு. உன் ஜோடி யாரு, அந்த பாக்சர் பைரோத்தா?

— காத்து வாசலத் தொறக்கப் போறேன். அசையாத.

— கேட்டதுக்குப் பதில் சொல்லு. அன்னிக்கு உன்ன வகுப்புல எறக்கி விட்டப்ப பார்த்தேனே. பனியன் போட்டுக்கிட்டு, ஒலக்க மாதிரி ரெண்டு கை. நம்ம தெருவுக்கே கேக்கற மாதிரி சிரிக்கறான்.

— அவனும் படிக்கறான்.

— தெரியாமத்தான் கேக்கறேன், ஜோடி ஜோடியா ஒருத்தர ஒருத்தர் அமுக்கித்தானே பழகறீங்க?

— பின்ன, தலகாணியையா அமுக்குவாங்க?

— காத்து வாசலுமா?

— பாடத்துல இருக்கே. தொட இடுக்குல உள்ளங்கைய வச்சு, நாடி ஓட்டத்த நிறுத்தி, மெதுவா விடணும். சூடா கால் வரைக்கும் எறங்கும். நல்லாத்தான் இருக்கு.

— நல்லாருக்காமே. அங்க கைய வச்சானா அவன்?

— ஜோடிதான் வைக்கணும். அது தொழிலு.

— என் வார்த்தையாலயே என்ன அடிக்கற நீ. சரி, நாளைக்குப் பரிட்சைக்குப் படுக்கற ஆளா உன்கூட வரேன்ல. ரெண்டு வார்த்த கேக்காம விட மாட்டேன்.

— தாராளமாக் கேளு. ஆனா நாளைக்கு உன்ன நான் தொடப் போறதில்ல, தெரியுமில்ல? பழகின ஒடம்புன்னா கை தானாப் போயிரும்னு, ஜோடிக்குள்ள ஆள மாத்திப் படுக்க வைப்பாங்க. ஜோடி கூட்டிட்டு வர்ற ஆளு எனக்கு. நான் கூட்டிட்டுப் போற ஆளு ஜோடிக்கு.

— எங்க காலத்துல இப்படியெல்லாம் இல்ல. அப்ப அந்தத் தடியன் கை என் மேல விழுமா?

— ஜோடி கை விழும். குப்புறப் படு.

— முதுகுல ஏறி மிதிச்சுருவான் படுபாவி. ம்ம், அங்கதான். இன்னும் கொஞ்சம் மேல... இதென்ன?

— எது?

— பிடரியில கைய வச்சுட்டு அமுக்காம இருக்க.

— உள்ளங்கைய நல்லாத் தேச்சு, சூடு ஆறறதுக்குள்ள வைக்கணும். அமுக்கக் கூடாது. படுத்திருக்கறவங்க தானா ஒரு மூச்சு விடற வரைக்கும் சும்மா காத்திருக்கணும்.

— இது பாடத்துல இல்ல.

— இல்லதான். நாளைக்குச் செஞ்சா மார்க்க வெட்டிருவாங்க.

— யாரு சொல்லிக் குடுத்தா?

— ஜோடி.

— பைரோத்துக்கு இதெப்படித் தெரியும்?

— லம்பாங் ஊர்ல ஒரு கடையில பழகினதாம். கூட வேல பார்த்த ஆளு இப்படித்தான் கைய வைப்பாராம். அவராக் கண்டுபுடிச்சதாம். வேற யாருக்கும் வராதாம்.

— லம்பாங்ல எந்தக் கட?

— மூச்ச விடு. ஏன் புடிச்சு வச்சிருக்க?

— பிம்பா, பைரோத்து தெக்கத்தி ஆளு, பேச்சுலயே தெரியுது. லம்பாங் பக்கமே போயிருக்க மாட்டான்.

— என் ஜோடி பைரோத்துன்னு நான் எப்பச் சொன்னேன்? நீயாச் சொன்ன, நீயாப் பொங்கின. எடது கால்ல நான் தொடங்கினப்பவே உனக்குப் புரிஞ்சிருக்கணும். இத்தன நாளா நான் அமுக்கிப் பழகினது பொம்பளைய.

— யாரு அது?

— லம்துவன்.

— எந்த லம்துவன்?

— ஊருக்கு நாலு பேர் இருக்காப்பல கேக்கற. திரும்பாத. அப்படியே படு. நான் உன் பொண்டாட்டின்னு அவளுக்குத் தெரியாது. நாளைக்கு நீ போய் அவ முன்னால படுக்கறப்பத் தெரியும்.

— பிம்பா, அது நீ கோவிச்சுக்கிட்டு உங்கம்மா வீட்டுல இருந்த சமயம். நீ திரும்பி வந்ததும் முடிஞ்சு போச்சு. சத்தியமாச் சொல்றேன். அதுக்காகத்தானே அந்தக் கடையவே விட்டுட்டு சியாங் மாய்க்கு வந்தேன்.

— நான் அதக் கேக்கல.

— வேற என்ன வேணும் உனக்கு? திட்டு. வேணும்னா ரெண்டு அடி அடிச்சுரு.

— மொதத் தடவ அவ என் பிடரியில அப்படிக் கைய வச்சப்ப எனக்கு அழுகையே வந்துருச்சு. ஒரு கை இவ்வளவு சொகமா இருக்க முடியுமான்னு. யார்கிட்டக் கத்துக்கிட்டன்னு கேட்டேன். உன் பேரச் சொன்னா. அங்கயே அவ கழுத்த நெரிச்சுரலாம் போல இருந்துச்சு. நீ அவகூட இருந்ததுக்குக்கூட இல்ல.

— அப்புறம் எதுக்கு?

— இத்தன வருஷமா இந்தக் கழுத்து உன் பக்கத்துலதான்யா படுத்துக் கெடக்குது. எந்திரி. இப்ப நான் படுக்கறேன். அவளுக்குச் செஞ்சத எனக்குச் செய்.